செண்பகம் தவறவே மாட்டாள்

முதலில் ஓர் அசிங்கத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் சொல்லாவிட்டாலும் செம்பூரிலிருந்து தாராவி வரைக்கும் அது ஏற்கெனவே பரவிவிட்டது. என் வாயாலும் ஒருமுறை வரட்டும்.

செண்பகவல்லியைப் பற்றிய செய்தி வந்தபோது நான் கல்யாண் ஃபாஸ்ட் லோக்கலில், மூன்று பேர் உட்காரும் பலகையில் நாலாவது ஆளாக, உடம்பில் கால்வாசியை மட்டும் இருக்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அனுப்பியவள் அவள் மகள் மலர். தமிழ் நன்றாகப் பேசுவாள், தமிழ் எழுத்து வராது. பம்பாயில் பிறந்த நம் பிள்ளைகள் எல்லாரையும் போல ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பாள். அதைக் குலுங்குகிற ரயிலில், கண்ணாடி இல்லாமல் படிப்பது தனி வித்தை. எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். 'அங்கிள், அம்மா தவறிட்டாங்க.'

அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று தெரியாதவனா நான்? ஐம்பத்து மூன்று வயது. பாதி வயது தமிழில் எழுதியே கெட்டவன். ஆனால் செண்பகம் என்ற பெயருக்குப் பக்கத்தில் 'தவறு' என்பதைப் பார்த்ததும் மூளை ஒரே ஓர் அர்த்தத்தைத்தான் எடுத்தது. எங்கேயோ சர்வே வேலையில் நிலத்தின் மட்டம் பார்க்கப் போனவள் ஓர் எண்ணைத் தப்பாக எழுதிவிட்டாள். இத்தனை வருடம் நான் காத்திருந்த செய்தி அல்லவா அது. சந்தோஷம் தாங்காமல் பதில் அடித்தேன். 'செண்பகம் தவறவே மாட்டாள். மறுபடி ஆரம்பத்திலிருந்து பார்க்கச் சொல்.' கீழே, முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கும் மஞ்சள் மூஞ்சி ஒன்று.

குர்லா தாண்டியதும் போன் அடித்தது.

"அங்கிள், அம்மா இல்ல," என்றாள் மலர். "காலைல அஞ்சரைக்கு. ஹார்ட்."

பிறகு அவளே தொடர்ந்தாள். "ஒங்க மெசேஜ வீட்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டிட்டேன். சித்தி அழுகைய நிப்பாட்டிட்டு சிரிச்சுட்டா."

தாராவியில் அவள் வீட்டு வாசலில் நான் போய் நின்றபோது, அழுது வீங்கிய முகங்களெல்லாம் என் பக்கம் திரும்பின. "இந்தா வந்துட்டாருல்லா, மறுபடி பாக்கச் சொன்னவரு," என்றாள் அப்பளக்காரப் பேச்சியம்மா. துக்க வீட்டில் இப்படியொரு வரவேற்பு எனக்கு முன் யாருக்கும் கிடைத்திருக்காது. செருப்பைக் கழற்றுகிற சாக்கில் வெகுநேரம் குனிந்தே இருந்தேன்.

அவளைத் தெரிந்தவர்களே, நமக்குள் இருக்கட்டும், என்னையும் அவளையும் சேர்த்தது படிப்பு அல்ல, என்னுடைய படிப்பின்மை. செம்பூரில் ஒரு சின்ன சர்வே அலுவலகத்தில் ஒரே வாரத்தில் சேர்ந்தோம். நான் மாட்டுங்காக்காரன். பாலக்காட்டு வேர், குமாஸ்தாப் பரம்பரை, சிவில் இன்ஜினியரிங் பட்டம், மடிப்புக் கலையாத சட்டை. அவள் தாராவியில் பிறந்தவள், டிப்ளமா படித்தவள், வெயிலில் கறுத்தவள், திருநெல்வேலிப் பேச்சு. முதல் நாளே எனக்கு 'மாட்டுங்கா' என்று பெயர் வைத்தாள். கடைசி வரை அதுதான் என் பெயர். கருவிக்குப் பின்னால் அவள், அளவுகோலைப் பிடித்துக்கொண்டு எதிரே நான். பட்டம் பெற்றவன் கோல் பிடிப்பது முறையா என்று முதலாளியிடம் கேட்டேன். செண்பகம்தான் பதில் சொன்னாள்.

"ரசமட்டத்துல குமிழி எங்கன நிக்கணும்னு தெரியாதவரு கருவியத் தொட்டா, நாம கட்டுத சுவரு பக்கத்து வீட்டுக்குள்ள நிக்கும்."

இதைப் படிக்கிறவர்களில் அவளிடம் செய்முறை வகுப்பில் படித்த சிவில் மாணவர்கள் இருப்பீர்கள். நீங்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். மற்றவர்களுக்கு நான் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும், அவ்வளவு அழகான விஷயம். மட்டம் பார்ப்பது என்றால், உயரம் தெரிந்த ஒரு புள்ளியிலிருந்து தொடங்கி மற்ற இடங்களின் உயரத்தைக் கண்டுபிடிப்பது. அந்த முதல் புள்ளிக்குப் பெஞ்ச் மார்க் என்று பெயர். முக்காலியின் மேல் லெவல் கருவி நிற்கும். அதன் பார்வை மேலேயும் போகாது, கீழேயும் போகாது, படுத்த கோடாக நேரே போகும். எதிரே என்னைப் போல் ஒரு மடையன் எண் போட்ட நெட்டைக் கோலைத் தரையில் ஊன்றி நிற்பான். பார்வைக்கோடு கோலில் எந்த எண்ணில் படுகிறதோ அதை எழுதிக்கொள்ள வேண்டும். இதில்தான் சூட்சுமம். குளத்தில் பிள்ளைகள் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான். கழுத்து வரை முங்கியவன் பள்ளத்தில் நிற்கிறான், முழங்கால் நனைந்தவன் மேட்டில் நிற்கிறான். அப்படியே கோலிலும் எண் பெரிதாக வந்தால் அந்த இடம் தாழ்வு.

"எண்ணு கூடுனா பள்ளம்," என்பாள் செண்பகம். "பெருசாப் பேசுதவனும் அப்படித்தான். பள்ளத்துல நின்னுட்டுப் பேசுதான்." இதைச் சொல்லும்போது அவள் யாரைப் பார்ப்பாள் என்பது உங்களுக்குத் தெரியும்.

கிங்ஸ் சர்க்கிள் ஓட்டல் கதையைச் சொல்லாமல் போனால் அவள் ஆவி என்னை விடாது. ஒருநாள் அங்கே காபி வந்தது. அவள் குடிக்கவில்லை. டவராவில் ஊற்றி மேசைமேல் வைத்து, கன்னத்தைப் பலகையோடு ஒட்டிக்கொண்டு பார்த்தாள். பக்கத்து மேசை மாமி ஒருத்தி தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"மேச தெக்க சாயுது," என்றாள் சர்வரிடம்.

"காபி ஆறிடும்மா."

"ஆறுனாலும் சாஞ்சுதான் ஆறும். ஒரு அட்ட கொண்டாரும்."

சர்வர் மெனு அட்டையையே மடித்துக் கொடுத்தார். அவள் குனிந்து மேசைக்காலுக்கு அடியில் செருகி, திரும்ப ஊற்றி, திரும்பப் பார்த்து, அதன் பிறகு ஆறிப்போன காபியை ருசித்துக் குடித்தாள். நான் அவளைத் தெரியாதவன் போல் சுவரில் இருந்த சாமி படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "படமும் கோணல்தான்," என்றாள்.

இனி நான் சொல்லப்போவது எல்லாரும் என் வாயால் பலமுறை கேட்ட கதை. கல்யாண வீடுகளில், ரயிலில், ஒருமுறை பல் பிடுங்கும் நாற்காலியில் கூடச் சொல்லியிருக்கிறேன். எழுத்தில் வருவது இதுதான் முதல் தடவை.

அவள் குடியிருந்த சந்து கிழக்கு மேற்காக ஓடுவது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் அடுத்தவர் வீட்டுக்குள் ஏறி நின்று வழிவிட வேண்டும். அவள் வீடு மேற்குக் கோடியில். ஒவ்வொரு மழைக்காலமும் அந்தக் கோடியில் ஒன்பது வீட்டுக்குள் தண்ணீர் ஏறும். கட்டிலின் மேல் அடுப்பு, அடுப்பின் மேல் பிள்ளைகளின் புத்தகப்பை. அந்த வருடம் சந்துக்குப் புதுச் சாக்கடை போட ஒரு காண்ட்ராக்டர் வந்தார். அவருடைய இன்ஜினியர் ஷிண்டே, தாராவி வேலைகளில் தமிழ் பழகியவர். வரைபடத்தில் தண்ணீர் மேற்கிலிருந்து கிழக்கே ஓடி நாலா என்கிற பெரிய சாக்கடைக் கால்வாயில் விழுவதாக அம்புக்குறி போட்டிருந்தது. செண்பகம் அதைப் பார்த்ததும் போய் மறித்தாள். நான் அன்று அவள் வீட்டுக்கு மீன்குழம்புக்காக வந்திருந்தேன். (மாட்டுங்கா உறவினர்கள் இந்த வரியைப் படிக்காமல் தாண்டவும்.)

"சார், கெழக்க மேடு, மேக்க பள்ளம். தண்ணி எப்படி ஏறும்?"

ஷிண்டே சந்தைக் கையால் காட்டினார். "கண்ணாலேயே தெரியுது மேடம். வெஸ்ட் சைடு எவ்ளோ உயரம் இருக்கு பாருங்க."

உண்மை. யார் பார்த்தாலும் மேற்குப் பக்கம்தான் உயரமாகத் தெரியும். ஏன் என்று அவள் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

"நீங்க பாக்கது தரைய இல்ல, படிய. வருசா வருசம் தண்ணி வர வர, நாங்க வாசப்படிய ஏத்தி ஏத்திக் கட்டுனோம். அதான் ஒசரமாத் தெரியுது."

இதைவிடத் தாராவித்தனமான கண்கட்டு ஒன்று இருக்க முடியுமா? பள்ளத்தில் இருப்பவன்தான் படியை உயர்த்துவான். படியைப் பார்க்கிறவனுக்குப் பள்ளம் மேடாகத் தெரியும். ஷிண்டே மோசமான மனிதர் அல்ல. "அளந்து லெவல் புக்ல எழுதிக் கொண்டு வாங்க. திங்கக்கிழமை தோண்ட ஆரம்பிச்சிடுவோம்," என்றார். அன்று சனிக்கிழமை. மழைக்கு இரண்டு வாரம்கூட இல்லை. தப்பாகத் தோண்டிவிட்டால், சந்து முழுவதன் தண்ணீரும் அந்த ஒன்பது வாசலில் வந்து தேங்கும். இந்தத் தடவை சாக்கடைத் தண்ணீராக.

ஞாயிறு காலை முதலாளியைக் கெஞ்சி லெவல் கருவியை வாங்கி வந்தோம். பெரிய ரோட்டுப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் செதுக்கிய குறிதான் எங்கள் பெஞ்ச் மார்க். அங்கிருந்து சந்துக்கு வந்தால் முதல் தடையே அப்பளம். சந்து நெடுகக் கவிழ்த்த கூடைகளின் மேல் அப்பளம் காய்ந்துகொண்டிருந்தது. முக்காலியின் மூன்று காலுக்கும் இடமில்லை.

"எக்கா, கெமரா கொண்டாந்திருக்கிய, சினிமாவா?" என்றாள் பேச்சியம்மா.

"சினிமாதான். ஒன் வீட்டுக்குள்ள தண்ணி வருதது படம். கூடைய எடு தாயி, அரை மணிநேரம்."

எடுத்தார்கள். வேலை தொடங்கியது. நான் கிழக்குக் கோடியில் கோலைப் பிடித்தேன். பிறகு நடுவில். பிறகு மேற்கே. ஒவ்வொரு எண்ணையும் செண்பகம் சத்தமாகச் சொல்லி எழுதினாள். மேற்கே வர வர எண் கூடிக்கொண்டே வந்தது. கூட்டம் என்னைச் சூழ்ந்துகொண்டது. அத்தனை பேர் என் முகத்தைப் பார்த்து நிற்பது அதற்கு முன் என் கல்யாணத்தில்தான். என் தலைக்குள் என்னவோ ஏறிவிட்டது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு அறிவித்தேன். "எண் ஏறிண்டே போறது. மேற்குதான் மேடு. இன்ஜினியர் சொன்னது சரியாக்கும்."

ஒன்பது வீட்டுப் பெண்களும் ஒரே நேரத்தில் தலையில் கை வைத்தார்கள். கருவிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஓய் மாட்டுங்கா, காலேஜில நாலு வருசம் என்ன செஞ்சீரு?"

"மட்டம் போட்டேன்," என்றேன் உண்மையை.

"மட்டம் போட்டு மட்டம் படிச்ச மட்டமான ஆளுவே நீரு. எண்ணு கூடுனா பள்ளம்."

தமிழில் அந்த ஒரு சொல்லுக்கு உள்ள மூன்று அர்த்தத்தையும் ஒரே ஆள் மேல் பிரயோகித்ததை அன்றுதான் கேட்டேன். சந்தே சிரித்தது. மேற்கு, கிழக்கைவிட இருபத்திரண்டு சென்டிமீட்டர் தாழ்வு என்று வந்தது. அவள் சொன்னது சரி. நான் கோலை மடக்கப் போனேன்.

"எங்க போறீரு? கிளம்புன குறிக்குத் திரும்பிப் போகணும்லா?"

மட்டம் பார்க்கிறவன் தொடங்கிய புள்ளிக்கே திரும்பி வந்து, கிளம்பும்போது இருந்த உயரம்தானா என்று சோதிக்க வேண்டும். அதே உயரம் வந்தால் கணக்கு மூடிக்கொண்டது என்று பொருள். திரும்பிப் போனோம். மூடவில்லை. மூன்று சென்டிமீட்டர் உதைத்தது. அந்தச் சின்னச் சுற்றுக்கு அரை சென்டிக்கு மேல் உதைக்கக் கூடாது.

செண்பகம் புத்தகத்தைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"மீசைல சட்னி இருக்கு. கல்ல விட்டு எப்பம் போனீரு?"

கருவியை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றும்போது கோல் பிடிப்பவன் இருந்த கல்லிலேயே இருக்க வேண்டும். அந்த ஒரு கல்தான் பழைய கணக்கையும் புதிய கணக்கையும் இணைப்பது. அவள் முக்காலியைத் தூக்கிக்கொண்டு நடந்த நேரத்தில் நான் ஓர் இட்லிக்காரியின் பக்கம் போய்விட்டு, திரும்பி வந்து, பக்கத்தில் இருந்த வேறொரு கல்லில் கோலை ஊன்றிவிட்டேன். எல்லாக் கல்லும் எனக்குக் கல்லாகத்தான் தெரிந்தது.

நான் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னேன். "இருபத்திரண்டில் மூணு போனாலும் மேற்கு பள்ளம்தானே. புஸ்தகத்துல அங்கங்க ஒரு எண்ணை மாத்தி எழுதிட்டா மூடிடும். யாருக்குத் தெரியப் போறது?" சிவில் படித்தவர்கள் நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள், நீங்களும் செய்ததுதானே.

"அந்த மூணு பொய்யின்னு ஒருத்தன் கண்டுபிடிச்சா, இருபத்திரண்டையும் எவன் நம்புவான்?" என்றாள்.

அதற்குள் கூடைகள் திரும்ப வந்துவிட்டன, அப்பளமும் விரித்தாகிவிட்டது. வெயில் ஏறிவிட்டது. இரண்டாம் முறை எடுக்கச் சொன்னால் பேச்சியம்மா விளக்குமாற்றை எடுப்பாள் என்று எனக்குப் பட்டது. "இந்தக் கருவி சரியில்லன்னு சொல்லிடு," என்று நான் யோசனை கூறினேன். செண்பகம் சந்தின் நடுவில் போய் நின்றாள்.

"எல்லாரும் கேளுங்க. எங்க அளவுல தப்பு வந்துட்டு. மொதல்ல இருந்து பாக்கணும். கூடைய இன்னொருக்க எடுக்கணும்."

"ஏன் தப்பு வந்துச்சு?"

"இட்லி," என்றாள்.

சந்து என்னைப் பார்த்தது. பிறகு பேச்சியம்மா தன் கூடையைத் தலைமேல் தூக்கினாள். "இத்தன வருசத்துல எத்தன பேரு அளக்க வந்தானுவ. தப்புன்னு சொன்னவ இவ ஒருத்திதான். எடுங்கட்டி." கூடைகள் ஒவ்வொன்றாக வீட்டுக்குள் போயின. ஒரு பாட்டி என் காலருகில் இருந்த கல்லைச் சுற்றிச் சாக்கட்டியால் வட்டம் போட்டு, "இதுக்குள்ள நில்லும்," என்றாள். செண்பகம் கை காட்டும் வரை வட்டத்தை விட்டு நான் அசையவில்லை. மூக்கில் ஈ உட்கார்ந்தது. அசையவில்லை.

இரண்டாவது சுற்று நாலு மில்லிமீட்டரில் மூடியது. செண்பகம் எண்ணைப் படித்தபோது நான்தான் முதலில் கத்தினேன். என்ன நடந்தது என்று புரியாமலே எல்லாரும் கத்தினார்கள். திங்கள் காலை அவள் லெவல் புத்தகத்தை ஷிண்டேயிடம் கொடுத்துவிட்டு வந்தாள். புதன்கிழமை தோண்டினார்கள். மேற்கே இறங்கும்படியாக, அந்தப் பக்கத்து ரோட்டுக் கால்வாயில் சேரும்படியாக. அந்த வருடம் கொட்டிய மழையில் நான் செம்பூரிலிருந்து முழங்கால் தண்ணீரில் நடந்து போய்ப் பார்த்தேன். ஒன்பது வீட்டிலும் அடுப்பு தரையில் இருந்தது. பேச்சியம்மா எனக்குச் சுடச்சுட அப்பளம் பொரித்துத் தந்தாள். என்னால்தான் எல்லாம் நடந்தது என்பது போல் தின்றேன்.

பின்னாளில் ஒரு தனியார் கல்லூரியில் அவள் சர்வே செய்முறை சொல்லித்தரப் போனபோது, இந்தக் கதையைத்தான் முதல் வகுப்பில் சொல்வாளாம், என் பெயரோடு. செயற்கைக்கோளைக் கேட்டு உயரம் சொல்லும் கருவி வந்த பிறகும் விடவில்லை. ஒரு மாணவி, "மேம், மிஷின் தப்புப் பண்ணாது," என்றாளாம். "மிஷின் பண்ணாது ஏட்டி. அதப் பிடிக்கவன் இட்லி திங்கப் போவான்," என்றாளாம். அந்த மாணவியே துக்க வீட்டில் என்னிடம் வந்து இதைச் சொல்லிவிட்டு, "சார், நீங்கதானே இட்லி?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பெருமையாகத்தான் இருந்தது.

அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. வேலை முடிந்தது என்று தோன்றும்போது, கிளம்பிய இடத்துக்கு ஒருமுறை திரும்பிப் போய்ப் பார்ப்பது. எழுதியதை முதல் வரியிலிருந்து மறுபடி படிக்கிறேன். சண்டை போட்டால், எதில் ஆரம்பித்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். பாதி நேரம் உதைக்கிறது. உதைத்தால், தப்பு வந்துவிட்டது என்று சத்தமாகச் சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன். இன்னும் சரியாக வரவில்லை. ஆனால் அதற்கு வெட்கப்படுவது நின்றுவிட்டது.

லெவல் புத்தகத்தில் எண்களெல்லாம் முடிந்த பிறகு, வலது ஓரத்தில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. இந்தக் கட்டுரைக்கும் அது தேவைப்படுகிறது. துக்கத்துக்கு ஷிண்டேயும் வந்திருந்தார், தலை முழுவதும் நரைத்து. நான் அவரைப் பிடித்து உட்கார வைத்து, சுற்றியிருந்தவர்களுக்காக மேலே சொன்ன கதை முழுவதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கூட்டம் கலைந்த பிறகு என் காதருகில் வந்தார்.

"சார், அந்த புக்கை நான் திறக்கவே இல்லை. ஈஸ்ட் கோடியில ஒரு சிக்கிக் கடை, கடலைமிட்டாய்க் கடை, இருந்துதுல்ல, அவன் கடைப்படியை உடைக்க விடலே. அதான் வெஸ்ட்டுக்குத் திருப்பினோம். மேடம்கிட்ட அந்த வாரமே சொல்லிட்டேனே."